கடலில் கள்வர் ஆனவர்கள்

ஒரு காலத்தில் மாசி பிறந்ததும் மன்னார்க் கரையின் மறிச்சுக்கட்டி மணலில் ஒரு நகரம் எழும். மற்ற நாட்களில் முள்ளுப்பற்றையும் உப்புக்காற்றும் தவிர வேறொன்றும் இல்லாத கரை அது. சலாபம் என்னும் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில் மட்டும் ஓலையும் காட்டுத்தடியும் கொண்டு தெருத்தெருவாகக் கட்டுவார்கள். கடைகள் வரும், தவறணைகள் வரும், ஆசுபத்திரி வரும், தபாற்கந்தோரும் அரசாங்கத்தின் பணக் கந்தோரும் வரும். தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம் என்று பல கரைகளிலிருந்தும், பின்னாளில் பாரசீகக் குடாவிலிருந்தும் முத்துக்குளிகாரர் வந்து இறங்குவார்கள். அவர்கள் பின்னால் செட்டிமாரும் சோனக வியாபாரிகளும் பம்பாய் வணிகரும் வருவார்கள். சித்திரையில் காற்று மாறத் தொடங்க, பல்லாயிரம் பேர் நிறைந்திருந்த ஊர் கலைந்து மணலாகிவிடும். சில வாரங்களே உயிர்வாழும் இந்த ஊருக்குள் ஒரு நீதிமன்றமும் பொலிஸ் நிலையமும் மறியற்சாலையும் தவறாமல் இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மன்னாரைக் குற்றத்தின் வழியே பார்க்க நினைப்பவர் இந்த ஓலை மறியலில் இருந்து தொடங்குவது நல்லது. கொலைக்கும் கொள்ளைக்கும் பேர்போன கரை அல்ல மன்னார். அரசு எதைத் தன் உடைமை என்று எண்ணியதோ அதைச் சுற்றித்தான் இங்கே சட்டம் தடித்தது, காவல் கூடியது. முத்துப்பார் என்னும் கடலடிப் படுகையில் இருக்கும் சிப்பி, உப்பளத்தில் தானாக விளைந்த உப்பு, வடக்கு வீதி வழியே மலைநாட்டுக் கோப்பித் தோட்டத்துக்கு நடந்துபோகிற ஆள் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் ஏறின. அவற்றில் கை வைத்தவர் கள்வர் ஆனார். அந்த மூன்றாவது உடைமை தன் காலாலேயே நடந்து தப்பிப்போனால், அதுவும் களவாகவே எண்ணப்பட்டது.

1795 ஒக்டோபரில் மன்னார்க் கோட்டை ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டே சலாபம் நடத்தினார்கள். 1797இலும் 1798இலும் மறுபடியும் நடத்தினார்கள். சிப்பிப் படுகை ஆறி எழும்பக் காலம் வேண்டும் என்பது கரையில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். புதிதாக வந்த அரசுக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. அப்போதைய தேசாதிபதி பிரெடரிக் நோர்த் சலாப காலத்தில் வந்து தங்குவதற்கென்றே அரிப்பில் கிரேக்கத் தூண்களோடு ஒரு மாளிகை கட்டினார். அரிப்பு மக்கள் அதற்கு நோர்த்தின் பெயரைக் கொடுக்கவில்லை, அல்லிராணி கோட்டை என்றே சொல்லிவந்தார்கள். கரையை அரிக்கும் கடல் அதன் சுவர்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருக்கிறது.

முத்துக்குளிகாரரின் நாள் நடுச்சாமத்தில் பீரங்கி வெடியோடு தொடங்கும். தரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் புறப்பட்டு, விடியும் நேரம் பாரை அடையும். சேவல் பார், பெரியபார், மோதரகம் பார் என்று ஒவ்வொரு படுகைக்கும் மாலுமிகள் வைத்த பெயர் உண்டு. காலில் கல்லைக் கட்டி, ஐந்து முதல் பத்துப் பாக ஆழம் வரை இறங்கி, மூச்சு முட்டும்வரை கூடையில் சிப்பியை அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பார்கள். ஒரே நாளில் நாற்பது, ஐம்பது முறை இறங்கினார்கள் என்று 1803இல் அச்சான தன் நூலில் ரொபேட் பேர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி எழுதியிருக்கிறார். முதல் சில முறை இறங்கி ஏறும்போது வாயிலும் மூக்கிலும் காதிலும் இரத்தம் வருவதையும் அவர் பதிவுசெய்தார். சுறா வராமல் மந்திரத்தால் கடலைக் கட்டும் கடல்கட்டிக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. அவர் இல்லாமல் எவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்பது துரைமாருக்குத் தெரியும்.

பிற்பகல் கடற்காற்றில் தோணிகள் திரும்பும். சிப்பிகளைக் கொட்டு என்னும் வேலி அடைத்த முற்றங்களில் குவித்து, ஏலம் விட்டு, அழுகவிடுவார்கள். நாற்றம் பல கட்டைக்கு அப்பாலும் வரும். சதை அழுகிக் கரைந்த பிறகு, மரத்தைக் குடைந்து செய்த நீண்ட தொட்டியில் போட்டுக் கழுவுவார்கள். களவு என்ற பேச்சு கூர்மையடையும் இடம் இதுதான். கழுவுகிறவர்கள் எல்லோரும் கண்காணிப்பவரின் பார்வையில் இருக்கவேண்டும், கை வாய்க்குப் போகக்கூடாது. ஒரு முத்து நகத்தளவும் இல்லை, நாக்கின் அடியில் ஒளிந்துவிடும், விழுங்கினால் வயிற்றில் போய்விடும்.

விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தால் என்ன செய்தார்கள் என்பதையும் பேர்சிவலே சொல்கிறார். சிப்பியை வாங்கிய வியாபாரிகள் அந்த ஆளை அடைத்துவைத்து, வாந்திக்கும் பேதிக்கும் கடும் மருந்து கொடுப்பார்கள். பல முறை இந்த வழியில் முத்து வெளியே வந்ததாக அவர் எழுதுகிறார். ஒரு மனிதனைத் தனியார் அடைத்துவைத்து, அவன் குடலைக் கலக்கிச் சோதித்துப் பார்ப்பது அந்தக் கரையில் பகிரங்கமாக நடந்தது. அது குற்றமாக எண்ணப்பட்டதற்கு அவர் எழுத்தில் ஓர் அடையாளமும் இல்லை. விழுங்கிய முத்து களவு, விழுங்கவைத்த மருந்து வியாபாரப் பாதுகாப்பு. அந்த நூற்றாண்டின் நீதியை விளங்கிக்கொள்ள, பெரிய சட்டப் புத்தகங்களைவிட இந்த ஒரு செய்தி எனக்கு அதிகம் உதவுகிறது.

முத்துக்குளிகாரருக்குக் கூலி இல்லை, பங்குதான். அவர்கள் எடுத்த சிப்பியில் ஒரு பகுதி அவர்களுக்கு. நூற்றாண்டின் பிற்பாதியில் அது மூன்றில் ஒன்று. அந்தப் பங்கைக் கரையிலேயே விற்றுவிட்டு ஊருக்குப் பணம் கொண்டுபோவார்கள். மீதி மூன்றில் இரண்டு அரசுக்கு. ஆகவே பாரிலிருந்து கரைக்கு வரும் வழியில் தோணியில் ஒரு சிப்பியைத் திறந்து பார்த்தாலும் அது மகாராணியின் சொத்தைத் தொட்டதாகும். அதைத் தடுக்கத் தோணியில் ஆள் வைத்தார்கள், கரையில் ஆள் வைத்தார்கள், கடலில் காவற்கப்பல் நிறுத்தினார்கள். 1837க்குப் பிறகு 1855 வரை சலாபமே இல்லை. 1891க்குப் பிறகு 1903 வரையும் அப்படியே. பார் வெறுமையாகக் கிடந்த அந்த நீண்ட ஆண்டுகளிலும் கடலின் மேல் சட்டம் கிடந்தது.

அந்தச் சட்டத்தின் கதை தனிக் கதை. 1758இல் சுவிட்சர்லாந்துக்காரரான எமெரிக் டி வட்டேல் நாடுகளின் சட்டம் பற்றி ஒரு நூல் எழுதினார். கடல் எல்லோருக்கும் பொது என்ற பொது விதிக்கு விலக்காக, பஹ்ரைனிலும் இலங்கையிலும் உள்ள முத்துப் படுகைகளை உடைமையாக்கிக்கொள்ளலாம் என்று அவர் அதில் வாதிட்டார். 1811இல் இலங்கை ஆங்கில அரசு முத்துப்பார்களைக் காக்க ஓர் ஒழுங்குவிதி கொண்டுவந்தது. குறித்த மாதங்களில் நாலு முதல் பன்னிரண்டு பாக ஆழமுள்ள அந்தப் பரப்பில் ஒரு வள்ளம் நங்கூரமிட்டு நின்றாலோ, காற்று இருந்தும் போகாமல் சுற்றித் திரிந்தாலோ, பறிமுதல். சிப்பி எடுத்ததற்குச் சாட்சி வேண்டியதில்லை, நின்றதே போதும். காற்று விழுந்து நிற்கும் வள்ளத்துக்கும் கள்ள எண்ணத்தோடு நிற்கும் வள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கரையிலிருந்து பார்க்கும் அதிகாரி தீர்மானிப்பார்.

அரசின் அதிகாரம் கரையிலிருந்து மூன்று மைலுக்கு மேல் செல்லாது என்று ஆங்கிலேயர் உலகுக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே மன்னார்ப் பார்கள் அந்த எல்லையைத் தாண்டிக் கிடந்தன. 1893இல் பாரிஸ் நகரில் பெரிங் கடலின் கடல்நாய் வேட்டை பற்றி அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் நடுத்தீர்ப்பு நடந்தபோது, அமெரிக்கா இந்த இலங்கைச் சட்டத்தையே எடுத்துப் பிரித்தானியாவின் முன் வைத்தது. அலாஸ்காவின் கடல்நாய்க்கும் அரிப்பின் சிப்பிக்கும் இப்படி ஒரு உறவு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாக்கு நீரிணையின் மறுகரையில் இராமநாதபுரம் ஜமீனின் சங்குப் படுகையில் சங்கெடுத்தவர்கள் மேல் களவு வழக்கு வந்தபோது, கடலடியில் கிடக்கும் சங்கைத் திருடமுடியுமா என்ற கேள்வி மதராஸ் உயர்நீதிமன்றம்வரை போனது. முடியும் என்று நீதிமன்றம் சொன்னது. கடலோடிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி எடுத்துவந்த பொருள் அலமாரியில் பூட்டிவைத்த நகைக்குச் சமமாகியது.

இனி மன்னார்ப் பட்டணத்துக்கு வருவோம். தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் ஆழமில்லாத நீருக்கு அருகே கோட்டை, அதை ஒட்டிக் கச்சேரி, நீதிமன்றம், சில தெருக்கள். இந்தச் சிறு பட்டணத்தில் அரசு என்பது பெரும்பாலும் ஒருவர். மாவட்டத்தை ஆண்ட உதவி ஏசண்டர் துரைதான் வரியைக் கணக்குப் பார்ப்பார், குளக்கட்டைப் பார்ப்பார், சலாபத்துக்குப் போவார், நீதவான் ஆசனத்திலும் அமர்வார். காலையில் ஒரு கிராமத்தாருக்குக் கட்டளையிட்டவரின் முன்னால் மாலையில் அதே கிராமத்தார் குற்றவாளிக் கூண்டில் நிற்கலாம். ஊர்களில் விதானைமார், அவர்களுக்கு மேல் உடையார், முசலி, மாந்தை போன்ற பகுதிகளுக்கு அதிகார். இந்தத் தலைமைக்காரர்கள் சொன்னதே பெரும்பாலும் வழக்காகியது.

ஆங்கிலேயர் கொண்டுவந்தவற்றில் நல்லது எதுவுமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 1799 செப்டெம்பரில் நோர்த் சித்திரவதையையும், சக்கரத்தில் கட்டி எலும்பை முறிப்பது போன்ற ஒல்லாந்தர் காலத்துத் தண்டனைகளையும் ஒரு பிரகடனத்தால் ஒழித்தார். 1801இல் உயர்நீதிமன்றம் அமைந்தது. 1811இல் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால் இந்நாட்டு மக்களுக்கும் யூரி முறை வந்தது. மதுரையில் வளர்ந்து தமிழ் அறிந்த அந்த நீதிபதி, குற்றம் சாட்டப்பட்டவரின் சாதியைச் சேர்ந்த பதின்மூன்று பேரே அவரை விசாரிக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். சாதியை நீதிமன்றத்துக்குள் உறுதியாக ஏற்றிவிட்ட ஏற்பாடு அது என்பதையும் மறக்கக்கூடாது. 1833இல் வந்த சாசனம் மாவட்ட நீதிமன்றங்களை அமைத்தது. 1885 முதல், இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி எழுதிய தண்டனைச் சட்டக்கோவை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கடும் குற்றங்களுக்கு மன்னாரார் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, வடக்குச் சுற்றுக்கு வரும் உயர்நீதிமன்ற நீதிபதியின் முன்னால் நின்றார்கள்.

மன்னார் மக்கள் நீதிமன்றத்தைக் கண்டு ஒதுங்கி நிற்கவும் இல்லை. இலங்கையின் எல்லாப் பகுதிகளையும் போலவே இங்கும் காணிச் சண்டை, வாய்ச்சண்டை, பழைய பகை என்று எல்லாம் வழக்காக வந்தன. இலங்கை முழுவதிலும் குடியேற்றக் காலக் குற்றங்களை ஆராய்ந்து 1987இல் நூல் எழுதிய ஜோன் ரொஜர்ஸ், மக்கள் நீதிமன்றத்தைத் தங்கள் சச்சரவின் இன்னொரு களமாகவே பயன்படுத்தினார்கள் என்பதைக் காட்டியிருக்கிறார். துரைமார் அதைப் பொய்வழக்குப் பழக்கம் என்று எழுதினார்கள். விதானையின் வாக்குக்கு எதிராகப் பேச ஏழைக்கு இருந்த ஒரே மேடை அது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

களவுகளில் பெரியது மாட்டுக் களவு. நானாட்டான், முருங்கன் பக்கத்து வெளிகளிலும் வன்னிக் காட்டோரத்திலும் மாடுகள் மேய்ப்பார் இல்லாமல் திரியும். குறிசுட்ட அடையாளம் ஒன்றே உடைமைக்குச் சாட்சி. காட்டில் பிறந்த கன்றுக்குக் குறி சுடும்முன் அது யாருடையது? பழைய குறிமேல் புதுக் குறி சுட்டுவிட்டால் என்ன செய்வது? இந்தக் களவு கிராமத்தாரை உண்மையாகவே வருத்தியது. ஏர் மாடு போனால் அந்தப் போகமே போனது. ஆனாலும் முத்துப்பாரைக் காக்கக் கப்பல் நிறுத்திய அரசு, கமக்காரனின் மாட்டைக் காக்கக் காட்டில் ஆள் நிறுத்தவில்லை. அது விதானையின் பொறுப்பு, விதானைக்கோ சம்பளமும் இல்லை.

எழுதியவர்கள் யார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1888இல் மன்னார் பற்றி நூல் வெளியிட்ட போக், 1895இல் வன்னி மாவட்டங்களின் கையேட்டை எழுதிய ஜே. பி. லூயிஸ் இருவரும் அரசாங்க சேவையில் இருந்த துரைமார். நுணுக்கமான கண் உள்ளவர்கள், கடமையுணர்வு உள்ளவர்கள். ஆனால் அவர்கள் பார்த்தது மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து. தமிழர்களில் இந்தக் கடலையும் கரையையும் அறிந்து, 1834இலேயே இலங்கை முழுவதற்கும் இடவிபர அகராதி எழுதியவர் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. அவரும் சிலாபத்தில் நீதிபதியாக ஆசனத்தில் அமர்ந்தவர்தான். கூண்டில் நின்ற சங்குகுளிகாரன் எழுதிவைத்தது எதையும் நாம் படித்ததில்லை.

மறியல் என்ற நிலையமே இந்தக் கரைக்குப் புதிது. 1679 ஒக்டோபரில் ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்த பிறகு, காட்டு வழியே ஆற்றங்கரையைப் பிடித்து நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். அந்த இருபது ஆண்டும் அவரைச் சுற்றிச் சுவர் இருக்கவில்லை. கிராமத்தில் வீடு கட்டி, தொப்பி பின்னி விற்று, நெல் கடன் கொடுத்து வாழ்ந்தார். நாட்டை விட்டுப் போகக்கூடாது என்பதுதான் அவருக்கு இருந்த சிறை. ஒல்லாந்தர் தண்டனை பெற்றவர்களைச் சங்கிலியில் பூட்டிக் கோட்டை வேலை வாங்கினார்கள். ஆங்கிலேயரும் தொடக்கத்தில் அதையே செய்தார்கள். நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் பிஸ்காலின் பொறுப்பில் இருந்த கைதிகள் வீதி போட்டார்கள், கல் உடைத்தார்கள். தண்டனைக்காகவே சுவர் எழுப்பி, மணி அடித்து, அளவுச் சோறு கொடுத்து மனிதரை வைப்பது நூற்றாண்டின் நடுப்பகுதியில் கெட்டிப்பட்ட முறை. 1841இல் கொழும்பில் வெலிக்கடைச் சிறை எழுந்தது. 1844இல் சிறைச்சாலைகளுக்கென்று சட்டம் வந்தது. 1870களில் மகரவில் கல் வெட்டுவதற்கென ஒன்றும் கண்டியில் போகம்பறையில் ஒன்றுமாகப் பெரும் சிறைகள் கட்டப்பட்டன. கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவருக்கு மகரக் கைதிகள் வெட்டிய கல் போனது. நீண்ட தண்டனை பெற்ற மன்னாரான் ஒருவனுக்கு மறியல் என்பது வீட்டிலிருந்து நூறு கட்டைக்கும் அப்பால், பாஷை தெரியாத ஊரில் கல் உடைப்பது என்றாகியது. கிழமைக்கு ஒருமுறை சோற்றுப் பொட்டலத்தோடு வந்து பார்க்கும் தாய் அங்கே வரமுடியாது.

மறிச்சுக்கட்டிச் சலாபத்தைவிட இந்தக் கரைவழியே அதிகமான மனிதரைக் கடத்தியது கோப்பி. 1830களின் கடைசியிலிருந்து, இராமேசுவரத்திலிருந்தும் தொண்டி, தேவிபட்டினம் பக்கத்திலிருந்தும் தோணிகளில் ஏறிய பஞ்சக் குடும்பங்கள் தலைமன்னார்க் கரையில் இறங்கின. அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று வடக்கு வீதியின் காட்டு வழியே நடை. தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, வாந்திபேதியும் மலேரியாவும் உண்டு. வழியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1841 முதல் 1848 வரை வந்தவர்களில் நான்கில் ஒருவர், ஏறத்தாழ 70,000 பேர், இறந்துபோனதாக 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்கிட்டது. அந்த எண்ணிக்கை மிகை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. பாதியாகக் குறைத்தாலும் அது ஒரு பட்டணத்தின் சனத்தொகை. கிணறும் மடமும் ஆசுபத்திரியும் அந்த வீதிக்கு மெதுவாக, பல ஆண்டுகள் கழித்தே வந்தன.

இந்தச் சாவுகளுக்காக யாரும் மறியலுக்குப் போகவில்லை. ஆள் கேட்டு முன்பணம் அனுப்பிய தோட்டத் துரைக்கோ, வீதியைக் கவனிக்காத அரசுக்கோ அதில் குற்றம் இருக்கவில்லை. குற்றம் வேறு இடத்தில் இருந்தது. 1841ஆம் ஆண்டின் ஐந்தாம் இலக்கச் சட்டமும், அதற்குப் பிறகு 1865ஆம் ஆண்டின் பதினோராம் இலக்கச் சட்டமும், ஒப்பந்த வேலையை விட்டு ஓடிப்போவதை மறியலுக்குரிய குற்றமாக்கின. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதம்வரை கடூழியச் சிறை கிடைக்கலாம். வேலையில் அசட்டை, துரையிடம் மரியாதைக் குறைவு என்பவையும் அந்தச் சட்டத்துக்குள் வந்தன. சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும், கங்காணியிடம் கடன் ஏறிக்கொண்டே போகும். அதற்கு மேல் தாங்கமுடியாமல் ஊருக்குத் திரும்ப நினைத்தவருக்குப் பழைய வழியே வழி. மாத்தளையிலிருந்து தம்புள்ளை, மதவாச்சி, பிறகு மன்னார்க் கரை, அதற்கப்பால் தோணி. வரும்போது அந்த வீதியில் செத்துவிழுந்தால் ஒரு பேச்சும் இல்லை. போகும்போது அதே வீதியில் உயிரோடு பிடிபட்டால் பிடிவிறாந்து. தொழிலாளரைக் கடனோடு கட்டிவைத்த துண்டு முறை ஒழிய 1921வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1848இல் வந்த வீதிச் சட்டம், வயதுவந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும் அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது. மூன்று சிலிங் இல்லாத மீனவரும் கமக்காரரும் அந்தச் சட்டத்தாலும் நீதவான் முன்னால் போனார்கள். உப்பும் அப்படித்தான். கோடையில் மன்னார்க் கடனீரேரிகளின் ஓரத்தில் உப்பு தானாகவே வெள்ளையாகப் படியும். மீனைக் கருவாடு போட அதைவிட அருகில் வேறு உப்பு இல்லை. ஆனால் உப்பு அரசின் தனியுரிமை. தானாக விளைந்ததை அள்ளினால் குற்றம். பல இடங்களில் அரசாங்க ஆட்கள் அதை மண்ணோடு கலந்தோ தண்ணீர்விட்டோ அழித்தார்கள். மழை பெய்தால் கரைந்துபோகிற ஒன்றுக்காக மனிதரை மறியலில் வைத்த காலம் அது.

சலாபங்களில் மிகப் பெரியது 1905இல் நடந்தது. எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு பார்களையே ஒரு கம்பனிக்கு இருபது ஆண்டு குத்தகைக்குக் கொடுத்தார்கள். அந்த 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளம் அதிகாரியாக நின்றவர் லெனாட் வூல்ப், பிறகு இங்கிலாந்தில் எழுத்தாளராகப் பெயர்பெற்றவர். கைவிரலில் எண்ணக்கூடிய வெள்ளை அதிகாரிகளும் சிறு பொலிஸ் படையும் பல்லாயிரம் பேரை ஒழுங்கில் வைத்திருந்ததை அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கூட்டம் இயல்பிலேயே அமைதியானது, வயிற்றுப்பாட்டுக்காக வந்தது என்பதே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். குத்தகை முடியும்முன்னே பார்கள் வெறுமையாகிவிட்டன, கம்பனியும் கலைந்தது. ஒரு முத்துக்காக மனிதனின் வயிற்றைச் சோதித்த கரையில், கோடிக்கணக்கில் அள்ளிப் பாரை அழித்தவர்கள் எவரும் நீதிமன்றத்துக்கு வரவில்லை.

இன்றும் மன்னார் நீதிமன்றத்தில் கடலோடிகள் நிற்கிறார்கள். இராமேசுவரத்திலிருந்தும் பாம்பன், மண்டபம் பக்கத்திலிருந்தும் வந்து எல்லை தாண்டியதாகக் கடற்படை பிடித்த மீனவர்கள் தலைமன்னாரில் இறக்கப்பட்டு, நீதவான் முன் நிறுத்தப்பட்டு, விளக்கமறியலுக்கு வவுனியாவுக்குப் போகிறார்கள். கடலில் கோடு கிழித்தது 1974இன் இந்திய-இலங்கை ஒப்பந்தமும், மன்னார்க் குடாவுக்கு 1976இல் வந்த ஒப்பந்தமும். 1979இல் வந்த அந்நியப் படகுச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டுத் தண்டம் பன்மடங்கானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதையை இங்கே அப்படியே ஒட்டிவிடக்கூடாது. அன்றைக்குச் சட்டம் காத்தது மகாராணியின் வருமானத்தை. இன்றைக்குப் பேசாலையிலும் வங்காலையிலும் தலைமன்னாரிலும் சிறு வள்ளங்களில் போகிறவர்களின் வலையும் சோறும் இதில் இருக்கிறது. இந்தியக் கரையின் இழுவைப்படகுகள் வரும் இரவுகளில் பேசாலை மீனவர் வலை போடாமல் கரையில் இருக்கிறார்கள். போட்டால் காலையில் வலை இருக்காது. ஒரு வலையின் விலை பல மாத உழைப்பு. போர்க் காலத்தில் தடைகளால் பல ஆண்டு கடலுக்குப் போகமுடியாமல் கிடந்தவர்கள் அவர்கள். இழுவைமடி கடலடியைச் சுரண்டி மீன் பெருகும் இடத்தையே அழிக்கிறது. 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடைசெய்தது சரியான செயல். மன்னார் மீனவரின் இந்த முறைப்பாட்டை இனப்பாசத்தின் பெயரால் மூடி மறைக்கிறவர்கள் அவர்களுக்கு அநீதி செய்கிறார்கள்.

ஆனால் பழைய கதையிலிருந்து ஒன்றை மட்டும் இங்கே எடுத்துவந்து கேட்கவேண்டும். மறியலுக்குப் போகிறவர் யார்? இழுவைப்படகில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் நாட்கூலிக்கும் பங்குக்கும் போகிறவர்கள். பலர் கடற்கரைச் சாதிகளில் பிறந்தவர்கள்கூட அல்ல, மழை பொய்த்த உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். எங்கே வலை இறக்குவது என்று முடிவுசெய்வது அவர்கள் அல்ல. படகை ஓட்டியவருக்கு ஆறு மாதம் சிறை கிடைக்கலாம், கூட வந்தவர்கள் வாரக்கணக்கில் விளக்கமறியலில் இருப்பார்கள். முதல் போட்டவர் படகை இழக்கலாம், பெரும்பாலும் சுதந்திரத்தை இழப்பதில்லை. பிடிபட்ட படகுகள் துறைகளில் வரிசையாக நின்று உளுத்துப்போகின்றன. அந்தத் தொழிலாளியின் மனைவி பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ வட்டிக்குப் பணம் வாங்குகிறார்.

2010இல் இரு கரை மீனவர் பிரதிநிதிகள் கூடிப் பேசி, இழுவைமடியை ஓராண்டுக்குள் நிறுத்துவதென இணங்கினார்கள். நிறுத்தவில்லை. 2016இல் இரு நாட்டு அரசுகளும் கூட்டுக் குழு அமைத்தன. அதற்குப் பிறகும் கைதுகள் தொடர்கின்றன. இந்தப் பேச்சுகளில் இந்தியப் பக்கத்தில் பெரும்பாலும் உட்காருவது விசைப்படகு உரிமையாளர் சங்கங்கள். அடுத்த பேச்சில் படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு நாற்காலி போடவேண்டும், அவர்களுக்கு எதிரே பேசாலைப் பெண்களுக்கும் இரண்டு நாற்காலி போடவேண்டும். கிழிந்த வலைக்கு யார் பணம் கட்டுவது, மறியலில் போன மாதங்களின் சம்பளத்தை யார் கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளையும் படகு உரிமையாளரைப் பார்த்து அவர்கள் கேட்கட்டும். இழுவைப்படகு வாங்கக் கடனும் மானியமும் கொடுத்த இந்திய அரசு, அந்தப் படகுகளை மீட்டுக்கொண்டு தொழிலாளிக்கு வேறு தொழில் கொடுக்கும் செலவையும் ஏற்கட்டும். இலங்கை அரசு, தண்டப் பணத்தில் ஒரு பங்கை மன்னார் மாவட்டத்தில் வலை இழந்தவர்களின் கைக்கே கொடுக்கச் சட்டத்தைத் திருத்தட்டும்.